சொட்டுக்கும் கணக்கு வேண்டும்!

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையில் கிடக்கும் அந்தச் சிறு நிலப்பரப்பில், கல்தூண்களின் மேல் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல்களில் கருநீலக் குலைகள் தொங்கும் காட்சியைக் குமுளிச் சாலையில் பயணம் செய்தவர்கள் அறிவார்கள். நாட்டின் பிற பகுதிகளில் திராட்சைக்கென ஒரு பருவம் உண்டு. கம்பத்தில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை காய்ப்பு எடுக்கும் உழவர்களும் அங்கே உண்டு.

புவிசார் குறியீடு மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் அளிக்கப்படும் மரியாதை. ஆனால், அந்த மண்ணில் கொடியை உயிரோடு வைத்திருக்கும் மூன்றாவது பொருளைப் பற்றி அந்தச் சான்றிதழ் எதுவும் பேசுவதில்லை. அது தண்ணீர். ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வெடுக்கும் கொடிக்கும், ஓய்வின்றிக் காய்த்துக்கொண்டிருக்கும் கொடிக்கும் தேவைப்படும் நீரின் அளவு ஒன்றல்ல. இந்தத் தோட்டங்களுக்கான நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எத்தனை காலத்துக்கு வரும் என்ற கேள்விகளுக்கு நம்மிடம் பெரும்பாலும் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது: 'சொட்டுநீர்ப் பாசனம் போடுங்கள்'. அந்த விடை சரியானதே. ஆனால், அது பாதி விடை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு நீர்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் வேளாண்மை முல்லைப் பெரியாற்றோடு பிணைந்தது. 1886-இல் திருவிதாங்கூர் அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பென்னிகுயிக்கின் முயற்சியால் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, மேற்கே ஓடிய நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. அந்த நீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அந்த நீரை எதிர்நோக்கியிருக்கின்றன.

திராட்சையின் கதை சற்று வேறு. நெல்வயல்கள் ஆற்றையும் வாய்க்காலையும் சார்ந்தவை. திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் சார்ந்தவை. வாய்க்கால் நீரில் உழவருக்கு முறை உண்டு, மதகு உண்டு, திறக்கும் நாளும் மூடும் நாளும் உண்டு. அணை மட்டம் 142 அடியா, 136 அடியா என்று இரு மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடும் அளவுக்கு அந்த நீர் ஒவ்வோர் அடியும் அளக்கப்படுகிறது. நிலத்தடி நீருக்கோ முறையும் இல்லை, மதகும் இல்லை, அளவும் இல்லை. யாருடைய குழாய் ஆழமாக இறங்குகிறதோ அவருக்கே நீர் என்பதுதான் எழுதப்படாத விதி.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை இரண்டும் வேறு வேறு நீர்கள். மண்ணுக்குள் அந்தப் பிரிவினை கிடையாது. நெல்வயலில் தேங்கும் நீரில் ஒரு பகுதி கீழிறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஊறுகிறது. நிலத்தடி நீர்மட்டம் தாழும்போது ஆற்றுக்கும் ஓடைக்கும் வர வேண்டிய ஊற்று வற்றுகிறது. ஒன்றைக் கணக்கிட்டு மற்றொன்றைக் கணக்கிடாமல் விடுவது, வீட்டின் ஒரு பெட்டிக்கு மட்டும் பூட்டுப் போடுவதைப் போன்றது.

கொடி எப்போது தண்ணீர் கேட்கிறது?

திராட்சையைத் தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிர் என்று சொல்லிவிட முடியாது. கரும்பையும் வாழையையும்விட அதன் தேவை குறைவு. ஆனால், நீர் கிடைக்கும் நேரத்தைப் பொறுத்து அதைப்போல நலமும் கேடும் அடையும் பயிர்கள் சிலவே. கவாத்து செய்த நாளிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ 120 நாள்கள். அந்த நான்கு மாதங்களில் கொடியின் தேவை வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

கவாத்துக்குப் பின் துளிர் வெடிக்கும்போது மண்ணில் ஈரம் வேண்டும். பிஞ்சு பிடித்துக் காய் பருக்கும் நாள்களில் நீர் குறைந்தால் காய் சிறுத்துப்போகும். பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த இழப்பு ஈடாவதில்லை. இடையில் தேவைக்கு மேல் நீர் கொடுத்தால் கொடி இலையாகவும் கிளையாகவும் பெருகும், பந்தலுக்குள் வெளிச்சம் புகாது, காற்று ஓடாது, அடிச்சாம்பல் நோய் தேடி வரும். மருந்துச் செலவு ஏறும். பழம் நிறமேறித் தளரும் காலத்தில் நீரைக் குறைக்க வேண்டும். அப்போது தாராளமாகப் பாய்ச்சினால் தோல் வெடிக்கும், இனிப்பு குறையும், சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் குலை அழுகும்.

ஆக, நல்ல திராட்சை உழவர் என்பவர் எப்போது தண்ணீர் கொடுப்பது என்பதை மட்டுமன்றி, எப்போது கொடுக்காமல் இருப்பது என்பதையும் அறிந்தவர். இந்த அறிவை அடிப்படையாகக்கொண்டே உலகின் திராட்சை நாடுகள் தம் பாசன முறைகளை வகுத்துள்ளன. கொடியை அளவோடு வாடவிட்டுப் பழத்தின் தரத்தை உயர்த்தும் 'குறைநீர்ப் பாசனம்' இன்று பல நாடுகளில் வழக்கமாகியிருக்கிறது. 1990-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதில் ஒரு படி மேலே சென்றனர். கொடியின் ஒரு பக்க வேருக்கு மட்டும் நீர்விட்டு, மறு பக்கத்தைக் காயவிட்டு, சில நாள்கள் கழித்துப் பக்கத்தை மாற்றும் முறையை அவர்கள் உருவாக்கினர். காய்ந்த வேர்கள் அனுப்பும் செய்தியால் இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொள்கின்றன. நனைந்த வேர்களால் கொடி வாடாமல் இருக்கிறது. குறைந்த நீரில் பழம் கிடைக்கிறது.

இத்தகைய நுட்பங்கள் அனைத்துக்கும் அடித்தளம் சொட்டுநீர்தான். 1960-களில் இஸ்ரேலியப் பொறியாளர் சிம்ஹா பிளாஸ் செம்மைப்படுத்திய அந்த முறையில், மணிக்கு நான்கு லிட்டரோ எட்டு லிட்டரோ வேரடியில் சொட்டுகிறது. வாய்க்கால் வெட்டிப் பாத்தி முழுவதையும் நனைக்கும் பழைய முறையில், பாய்ச்சும் நீரில் ஏறத்தாழ 60 விழுக்காடு கொடிக்குப் பயன்படுகிறது என்றால், நன்கு பராமரிக்கப்பட்ட சொட்டுநீர் அமைப்பில் அது 90 விழுக்காட்டை எட்டுகிறது. களை குறைகிறது; ஆள்கூலி மிச்சமாகிறது; உரத்தை நீரிலேயே கரைத்துத் தேவையான அளவு கொடுக்க முடிகிறது. இவை எவரும் மறுக்காத நன்மைகள்.

மிச்சமான நீர் எங்கே போகிறது?

ஆனால், தோட்டத்தில் மிச்சமாகும் நீர் பள்ளத்தாக்கிலும் மிச்சமாகிறதா? இங்குதான் நாம் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெயில் மிகுந்த நாளொன்றில் ஓர் ஏக்கர் திராட்சைப் பந்தல் 4 மில்லிமீட்டர் உயர நீரை உறிஞ்சி ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 16,000 லிட்டர். 60 விழுக்காடு திறனுள்ள வாய்க்கால் பாசனத்தில் இந்தத் தேவையை நிறைவுசெய்ய ஏறத்தாழ 27,000 லிட்டர் இறைக்க வேண்டும். 90 விழுக்காடு திறனுள்ள சொட்டுநீர்ப் பாசனத்தில் 18,000 லிட்டர் போதும். நாளொன்றுக்கு 9,000 லிட்டர் மிச்சம். மானியத் திட்டங்களின் விளம்பரங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன.

உழவரோ அங்கே நிற்பதில்லை. மிச்சமான 9,000 லிட்டரைக் கொண்டு இன்னும் அரை ஏக்கருக்குப் பந்தல் போட முடியும் என்பது அவருக்குத் தெரியும். கையில் நிலம் இருக்கிறது, குழாய் இருக்கிறது, கடனும் இருக்கிறது. அவர் பந்தலை விரிவாக்குகிறார். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. எந்தத் தொழிலிலும் எவரும் இதைத்தான் செய்வர்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். முன்பு இறைத்ததும் 27,000 லிட்டர்; இப்போது இறைப்பதும் 27,000 லிட்டர். மின்மோட்டார் ஓடும் நேரத்தில் மாற்றமில்லை. ஆனால், முன்பு கொடிகள் குடித்தது 16,000 லிட்டர். எஞ்சிய 11,000 லிட்டரில் ஒரு பகுதி ஈரமண்ணிலிருந்து ஆவியாகப் போக, மற்றது மண்ணுக்குள் இறங்கியது. அது அடுத்த தோட்டத்துக் கிணற்றிலோ, கீழே இருக்கும் கண்மாயிலோ ஊறியது. இப்போது ஒன்றரை ஏக்கர் கொடிகள் 24,000 லிட்டரைக் குடித்துவிடுகின்றன. மண்ணுக்குத் திரும்பக்கூடியது 3,000 லிட்டர் மட்டுமே. இறைப்பு கூடவில்லை, ஆயினும் நிலத்தடி நீர் முன்பைவிட வேகமாகக் குறைகிறது.

இது ஏட்டுக் கணக்கன்று. 'பாசனத் திறனின் முரண்' என்ற பெயரில் நீரியல் அறிஞர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிவரும் உண்மை. குவென்டின் கிராஃப்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதையே வலியுறுத்தியது. பாசனத் திறனை உயர்த்தும் திட்டங்களோடு நீர்க் கணக்கும் பயன்பாட்டு வரம்பும் சேராவிட்டால், ஒட்டுமொத்த நீர் நுகர்வு குறையாது. சில இடங்களில் கூடவும் கூடும் என்பதே அதன் சாரம்.

ஸ்பெயின் கற்ற பாடம்

இந்த முரண் ஒரு நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் எப்படி வெளிப்பட்டது என்பதற்கு ஸ்பெயினின் லா மாஞ்சா சமவெளி சான்று. உலகின் மிகப் பெரிய திராட்சை வட்டாரங்களுள் ஒன்று அது. நூற்றாண்டுகளாக அங்கே கொடிகள் மழையை மட்டும் நம்பி வளர்ந்தன. அளவுக்கு மீறிய விளைச்சலால் தரமும் விலையும் சரியக் கூடாது என்பதற்காக, திராட்சைக்கு நீர் பாய்ச்சுவதையே ஸ்பெயின் சட்டம் தடைசெய்திருந்தது. கடும் வறட்சிக்குப் பிறகு 1996-இல் அந்தத் தடை நீக்கப்பட்டது.

அந்தச் சமவெளியின் நிலத்தடி நீர் ஏற்கெனவே மக்காச்சோளத்துக்காகவும் தீவனப் பயிர்களுக்காகவும் சுரண்டப்பட்டிருந்தது. 'குவாதியானாவின் கண்கள்' என்று அழைக்கப்பட்ட புகழ்பெற்ற ஊற்றுகள் 1980-களிலேயே வறண்டுவிட்டன. திராட்சை குறைவாக நீர் குடிக்கும் பயிர்; அதற்கும் சொட்டுநீர்தான் பயன்படுத்தப்படும்; எனவே நிலைமை சீரடையும் என்று பலர் எண்ணினர். ஒரு கொடிக்கான நீர் குறைவாகத்தான் இருந்தது. ஆனால், நீர் பாயும் கொடிகளின் பரப்பு பெருகிக்கொண்டே போனது. உரிமம் இல்லாத கிணறுகளும் பெருகின. 2009-இல் அந்த வட்டாரத்தின் தப்லாஸ் தெ தைமியேல் தேசியப் பூங்காவில், ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்த இடத்தில், நீரின்றிக் காய்ந்த கரிமண் நிலத்துக்கடியில் தானாகவே தீப்பற்றிப் புகைந்தது. வேறொரு ஆற்றுப்படுகையிலிருந்து நீர் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. இந்தியத் திராட்சையின் பெரும்பகுதியை விளைவிக்கும் மகாராஷ்டிரத்தில் சொட்டுநீர் இல்லாத திராட்சைத் தோட்டத்தைக் காண்பது அரிது. அங்கே மழைநீரைச் சேமிக்கவென்று அரசு மானியத்தில் பண்ணைக்குட்டைகள் வெட்டப்பட்டன. நெகிழித் தாள் விரித்த அந்தக் குட்டைகளில் பலவற்றை உழவர்கள் மழைநீரால் நிரப்பவில்லை; ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்து நிரப்பினர் என்பதை ஆய்வாளர்கள் ஆவணப்படுத்தியுள்ளனர். ஊர்ப் பொதுவான நிலத்தடி நீர் இப்படித் தனியார் குட்டைக்கு மாறுகிறது, வெயிலில் ஆவியாகிறது, பக்கத்துத் தோட்டத்துச் சிறு உழவரின் கிணறு வற்றுகிறது. நீரைச் சேமிக்க வந்த கருவியே நீரைக் கைப்பற்றும் கருவியாகிவிட்டது.

தமிழகம் எங்கே நிற்கிறது?

நுண்ணீர்ப் பாசனத்துக்குத் தமிழகம் காட்டும் தாராளம் நாட்டிலேயே முன்னணியானது. மத்திய அரசின் 'ஒரு துளி நீரில் அதிகப் பயிர்' திட்டம் சிறு, குறு விவசாயிகளுக்கு 55 விழுக்காடும் மற்றவர்களுக்கு 45 விழுக்காடும் மானியம் வழங்குகிறது. தமிழக அரசு தன் பங்கைச் சேர்த்துச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் பிறருக்கு 75 விழுக்காடும் அளிக்கிறது. பாராட்ட வேண்டிய கொள்கை இது. சொட்டுநீர் என்பது வசதி படைத்தவர்களின் கருவி என்ற நிலையை இது மாற்றியிருக்கிறது.

ஆனால், இந்தத் திட்டத்தின் வெற்றி எதைக்கொண்டு அளக்கப்படுகிறது? எத்தனை ஏக்கரில் குழாய் பதிக்கப்பட்டது, எவ்வளவு மானியம் வழங்கப்பட்டது என்பவற்றைக்கொண்டே அளக்கப்படுகிறது. குழாய் பதித்த ஊரில் நீர்மட்டம் என்ன ஆயிற்று என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. பதித்த குழாய் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வேலை செய்கிறதா என்பதும் வருவதில்லை. உப்புப் படிந்து துளை அடைப்பதும், எலியும் அணிலும் குழாயைக் கடிப்பதும், வடிகட்டியைக் கழுவ ஆளில்லாமல் போவதும் சொட்டுநீர் போட்ட ஒவ்வொரு தோட்டத்தின் அன்றாடம். பழுது நீக்க ஆள் கிடைக்காத உழவர் குழாயைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு மீண்டும் வாய்க்காலுக்குத் திரும்பிவிடுகிறார்.

மறுபுறம், நிலத்தடி நீரை முறைப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. 2003-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் நடைமுறைக்கே வராமல், பத்து ஆண்டுகள் கழித்து நீக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஊறும் நிலத்தடி நீரில் எடுக்கத்தக்க அளவில் 70 விழுக்காட்டுக்கு மேல் தமிழகம் எடுத்துவிடுகிறது என்பது மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடு. இது மாநில சராசரி. பல ஒன்றியங்களில் ஊறுவதைவிட எடுப்பதே அதிகம். நிலத்தடி நீரை மக்களே நிர்வகிக்க ஊக்கமளிக்கும் 'அடல் பூஜல்' திட்டம் 2019-இல் தொடங்கப்பட்டபோது தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாநிலங்களில் தமிழகம் இடம்பெறவில்லை.

இவற்றோடு இலவச மின்சாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பேசும்போது வரலாற்றை மறந்துவிடக் கூடாது. 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1990-இல் வந்த இலவச மின்சாரம் அந்த உயிர்களின் விலை. வாய்க்கால் பாசனக்காரருக்கு நீர் ஏறத்தாழ இலவசமாக வரும்போது, கிணற்றுப் பாசனக்காரர் மட்டும் ஏன் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற அன்றைய கேள்வியின் நியாயம் இன்றும் அப்படியே இருக்கிறது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகளைக் கொண்ட மாநிலத்தில், இலவசத்தைப் பறிக்கும் எந்தத் திட்டமும் அரசியலிலும் நிற்காது, அறத்திலும் நிற்காது.

எனினும், ஓர் உண்மையை உழவர் அமைப்புகளும் எண்ணிப்பார்க்க வேண்டும். அளவற்ற இறைப்பால் முதலில் வற்றுவது பெரிய உழவரின் ஆழ்துளைக் கிணறு அல்ல. சிறு உழவரின் திறந்தவெளிக் கிணறு. பல நூறு அடி ஆழத்துக்குத் துளையிடவும், தண்ணீர் கிடைக்காவிட்டால் இன்னொரு இடத்தில் மீண்டும் துளையிடவும் பணம் வைத்திருப்பவருக்கே இலவச மின்சாரத்தின் பயன் கடைசி வரை கிடைக்கிறது. கிணறு வற்றியவருக்கு மின்சாரம் இலவசமாக இருந்தால் என்ன, கட்டணமாக இருந்தால் என்ன? திராட்சை நெல்லைப் போல ஒரு போகம் போனால் அடுத்த போகம் பார்த்துக்கொள்ளும் பயிரல்ல. பந்தலுக்கும் கொடிக்கும் பெருமுதலீடு செய்தவர், கொடி காய்ந்தால் பல ஆண்டு உழைப்பை ஒரு கோடையில் இழக்கிறார்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, மானியத்தோடு அளவீடு சேர வேண்டும். சொட்டுநீர் அமைப்போடு ஒரு நீர்மானியும் பொருத்தப்பட வேண்டும். அது கட்டணத்துக்கான கருவி அல்ல என்பது சட்டத்தின் வாயிலாக உறுதிசெய்யப்பட வேண்டும். அளவு தெரிந்தால் ஆபத்து என்ற அச்சம் உழவரிடம் இருப்பது இயல்பு. அந்த அச்சத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு அரசினுடையது. பஞ்சாப் மாநிலம் 2018-இல் தொடங்கிய திட்டம் இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. இலவச மின்சாரத்தைப் பறிக்காமல், ஒதுக்கப்பட்ட அளவில் உழவர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நான்கு ரூபாய் அவருக்கு வழங்குவதே அந்தத் திட்டம். மிச்சப்படுத்திய நீரைக் கூடுதல் நிலத்தில் பாய்ச்சினால்தான் வருவாய் என்ற நிலையை அது மாற்றுகிறது. நீரை மண்ணிலேயே விட்டுவைப்பதற்கும் வருவாய் உண்டு என்றாக்குகிறது.

இரண்டாவதாக, ஊர் அளவில் நீர்க் கணக்கு வேண்டும். ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில் உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, இந்த ஆண்டு எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் இருக்கிறது என்று ஊர் கூடிக் கணக்கிட்ட முயற்சி உலகின் கவனத்தைப் பெற்றது. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமம் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதையே தனக்குத் தானே தடைசெய்துகொண்டு, ஆண்டுதோறும் நீர் வரவு-செலவு போட்டுப் பயிரைத் தீர்மானிக்கிறது. இவை சட்டத்தின் தடியால் நடந்தவையல்ல. கணக்கு கண்முன் இருந்ததால் நடந்தவை. குடிமராமத்து என்ற சொல்லை உலகுக்குத் தந்த தமிழகத்துக்கு இது அந்நியமான மரபும் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கின் ஊராட்சிகளில் இதைத் தொடங்குவதற்கு வேண்டியவை கண்காணிப்புக் கிணறுகளும், மழைமானிகளும், எண்களை ஊர்ப் பலகையில் எழுதிவைக்கும் வெளிப்படைத்தன்மையுமே.

மூன்றாவதாக, குழாயோடு அறிவும் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். கவாத்துக்குப் பின் எத்தனையாவது வாரத்தில் எவ்வளவு நீர், எப்போது நிறுத்துவது என்ற அட்டவணை, பள்ளத்தாக்கின் மண் வகைக்கும் பன்னீர் திராட்சையின் இயல்புக்கும் ஏற்ப உருவாக வேண்டும். தேனி மாவட்டத்திலேயே திராட்சைக்கென வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; புணேயில் தேசிய அளவிலான திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. குறைநீர்ப் பாசனமும், பக்கம் மாற்றிப் பாய்ச்சும் முறையும் ஆண்டுக்கு இரண்டு, மூன்று காய்ப்பு எடுக்கும் வெப்பமண்டலப் பந்தலில் எந்த அளவுக்குப் பலன் தரும் என்பது உழவர் தோட்டங்களிலேயே சோதிக்கப்பட வேண்டும். வறட்சியையும் உப்பையும் தாங்கும் வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டுவது, கொடியடியில் மூடாக்கு இட்டு ஈரம் காப்பது போன்ற எளிய வழிகளும் இதோடு இணைய வேண்டும். பழுது நீக்கும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தால், மானியத்தில் வந்த குழாய் ஓரத்தில் சுருண்டு கிடக்காது.

நான்காவதாக, நீரைப் பற்றிப் பேசும்போது விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். கொடிக்கு ஓய்வளிக்காமல் காய்ப்பு மேல் காய்ப்பாக எடுப்பது உழவரின் பேராசையால் அன்று. ஒரு காய்ப்பில் மழை அடிக்கிறது. மறு காய்ப்பில் வெளிமாநில வரத்தால் விலை விழுகிறது. மூன்றாவதில்தான் கடன் அடைபடுகிறது. குளிர்பதனக் கிடங்கும், சாறு, உலர்பழம் போன்ற மதிப்புக்கூட்டும் வசதியும், குலைக்கு நம்பத்தக்க விலையும் கிடைத்தால், ஒரு காய்ப்பைக் குறைத்துக்கொள்ள உழவர் தயங்கமாட்டார். குறைக்கப்படும் ஒவ்வொரு காய்ப்பும் மண்ணுக்குள் திரும்பும் நீர்தான். புவிசார் குறியீடு வெறும் சான்றிதழாகச் சட்டத்துக்குள் தொங்காமல் விலையாக மாற வேண்டியது இந்த இடத்தில்தான்.

கணக்கே காப்பு

அணையின் நீருக்காக அண்டை மாநிலத்தோடு வழக்காடி உரிமையை நிலைநாட்டியவர்கள் நாம். அந்த வழக்கில் நம் வலிமை, ஒவ்வோர் அடி நீருக்கும் நம்மிடம் இருந்த கணக்கு. காலடியில் இருக்கும் நீரிலோ, கணக்கு கேட்க அண்டை மாநிலம் இல்லை, நீதிமன்றம் இல்லை. நாமே கேட்டு நாமே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

சொட்டுநீர்ப் பாசனம் நம் காலத்தின் நல்ல கருவிகளுள் ஒன்று. அதை இன்னும் பல்லாயிரம் ஏக்கருக்குக் கொண்டுசெல்வதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆனால், அந்தக் கருவி மிச்சப்படுத்தும் நீர் யாருக்கு என்பதைக் கருவி தீர்மானிக்காது. அது அடுத்த அரை ஏக்கருக்கா, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கா, அடுத்த தலைமுறைக்கா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் உழவர்களும் ஊராட்சிகளும் அரசும்தான். குழாய்க்குக் கொடுக்கும் நூறு விழுக்காடு அக்கறையில் ஒரு பங்கை அந்தக் கணக்குக்கும் கொடுத்தால், கம்பத்துப் பந்தல்களில் பன்னீர்க் குலைகள் இன்னும் பல தலைமுறைகளுக்குத் தொங்கும்.